பத்தாயிரத்து எண்பது வகுத்திகள்

67,46,32,83,88,800 என்னும் பதின்மூன்று இலக்க எண்ணை, அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800-ஐ, மீதியின்றி வகுக்கக்கூடிய முழு எண்கள் 10,080 உள்ளன. அதைவிடச் சிறிய எந்த முழு எண்ணுக்கும் அத்தனை வகுத்திகள் கிடையா. 1915-ஆம் ஆண்டு லண்டன் கணிதச் சங்கத்தின் ஆய்விதழில் சீனிவாச ராமானுஜன் வெளியிட்ட 'உயர் பகு எண்கள்' என்ற நீண்ட கட்டுரையில் இடம்பெற்ற அட்டவணை இந்த எண்ணில்தான் முடிகிறது. அறுபது பக்கங்களுக்கு மேல் நீளும் அந்தக் கட்டுரையை முன்னிட்டே 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ஆய்வின் வழியாக அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது. ஆயினும் ராமானுஜன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் 1729-க்குக் கிடைத்த புகழில் நூற்றில் ஒரு பங்குகூட இந்த எண்ணுக்குக் கிடைக்கவில்லை. 1729-இன் சிறப்பு ஒரு வரியில் சொல்லி முடிந்துவிடுவது. இந்த எண்ணோ எண் கோட்பாட்டின் பல கேள்விகள் சந்திக்கும் இடத்தில் நிற்பது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்ணே அதன் வகுத்தி. 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள்ளன. 12-க்குக் கீழுள்ள எந்த எண்ணுக்கும் ஆறு வகுத்திகள் இல்லை. இவ்வாறு தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விடக் கூடுதலான வகுத்திகளைக் கொண்டிருக்கும் எண்ணுக்கே ராமானுஜன் உயர் பகு எண் என்று பெயரிட்டார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அந்த வரிசை செல்கிறது. தன்னையும் ஒன்றையும் தவிர வேறு வகுத்தியே இல்லாத பகா எண் ஒரு கோடி என்றால், உயர் பகு எண் அதற்கு நேர் எதிரான மறுகோடி. மணிக்கு 60 நிமிடமும் வட்டத்துக்கு 360 பாகையும் இன்றுவரை நீடிப்பதற்கு அவை பல வகையிலும் பங்கிட ஏற்றவையாக இருப்பது ஒரு காரணம் என்பது அனைவரும் அறிந்ததே.

10,080 என்ற எண்ணிக்கையைப் பெற வகுத்திகளை ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க வேண்டியதில்லை. எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் போதும்.

67,46,32,83,88,800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இதன் வகுத்தி ஒன்றை அமைக்க, 2 எத்தனை முறை வர வேண்டும் என்பதைச் சுழி முதல் ஆறு வரை ஏழு வகையிலும், 3 எத்தனை முறை என்பதை ஐந்து வகையிலும், 5-க்கும் 7-க்கும் மும்மூன்று வகையிலும், எஞ்சிய ஐந்து பகா எண்கள் ஒவ்வொன்றும் வரலாமா வேண்டாமா என்பதை இவ்விரண்டு வகையிலும் முடிவு செய்யலாம். இந்தத் தேர்வுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதால் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 என்று பெருக்க 10,080 வருகிறது. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும் என்னும் பள்ளிப்பாட விதிதான் இது. அந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு விதியின் விளைவுகளை விரித்துச் செல்வதே என்றாலும் மிகையில்லை.

1 முதல் 28 வரையுள்ள எல்லா எண்களாலும் இந்த எண் வகுபடும்; இதை முதலில் மறுக்கும் எண் 29. இதற்கு முந்தைய எண்ணையும் அடுத்த எண்ணையும் எடுத்துக்கொண்டால், மேற்சொன்ன ஒன்பது பகா எண்களில் ஒன்றாலும் அவை வகுபடா. இந்தப் பருமனில் உள்ள எண்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 31 வகுத்திகளே இருக்கும். அந்தச் சராசரியும்கூட இத்தகைய ஒருசில எண்களின் அளவிறந்த செழிப்பால் உயர்ந்துவிட்ட ஒன்று. பெரும்பாலான எண்கள் அதற்கும் வெகுகீழே கிடப்பவை என்பது, ஓர் எண்ணின் வெவ்வேறு பகாக் காரணிகள் வழக்கமாக எத்தனை இருக்கும் என்பது பற்றி 1917-இல் கணிதவியலாளர் ஹார்டியும் ராமானுஜனும் இணைந்து எழுதிய ஆய்வால் தெளிவாயிற்று. எண்ணின் இயல் மடக்கைக்கு மீண்டும் மடக்கை கண்டால் கிடைக்கும் மதிப்பை ஒட்டியே அந்த எண்ணிக்கை பெரும்பாலும் அமையும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பதின்மூன்று இலக்க எண்ணொன்றுக்கு அந்த மதிப்பு மூன்றரையைக்கூட எட்டுவதில்லை. நம் எண்ணிலோ ஒன்பது வெவ்வேறு பகா எண்கள் இருக்கின்றன.

அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1 என்று இறங்குமுகமாக அமைந்திருப்பது தற்செயல் அன்று. உயர் பகு எண் ஒன்றில் 3-இன் அடுக்கு 2-இன் அடுக்கைவிடப் பெரிதாக இருப்பதாகக் கொள்வோம். அவ்விரு அடுக்குகளையும் இடம் மாற்றிவிட்டால் வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது, ஆனால் எண் சிறுத்துவிடும்; அப்படியானால் முதல் எண் உயர் பகு எண்ணாக இருந்திருக்க முடியாது. இடையில் ஒரு பகா எண்ணைத் தாண்டி அடுத்ததற்குப் போவதும் இதே காரணத்தால் கூடாது. எனவே உயர் பகு எண் எதுவாயினும் 2-இல் தொடங்கி இடைவெளியின்றி ஒரு பகா எண் வரை செல்லும், அடுக்குகள் ஒருபோதும் ஏறமாட்டா. இந்த அளவுக்குச் சற்று யோசிக்கும் மாணவரும் வந்துவிடலாம். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 என்ற இரண்டு எண்களைத் தவிர வேறெங்கும் ஒன்றாகவே இருக்கும் என்பது அவ்வளவு எளிதாகக் கிடைப்பதன்று; அதை ராமானுஜன் நிறுவினார். அடுத்தடுத்த இரு உயர் பகு எண்களின் விகிதம், எண்கள் பெருகப் பெருக, ஒன்றை நெருங்கும் என்பதையும் அவர் காட்டினார்.

இந்த நிபந்தனைகளுக்கு உட்பட்ட எண்களெல்லாம் உயர் பகு எண்கள் ஆகிவிடுமானால் ஆராய்ச்சிக்கு வேலையே இருந்திராது. இறங்குமுக அடுக்குகளைக் கொண்ட எண்கள் ஏராளம். அவற்றுள் தகுதி பெறுபவை மிகச் சில. தகுதியைச் சோதிக்கும் முறையை நம் எண்ணை வைத்தே பார்க்கலாம். இதிலிருந்து 23-ஐ எடுத்துவிட்டு, அதைவிடச் சற்றுச் சிறிய 22-ஐ, அதாவது ஒரு 2-ஐயும் ஒரு 11-ஐயும் சேர்த்தால், எண் சிறுக்கிறது. வகுத்திகளோ 8,640 ஆகக் குறைகின்றன. 22-க்குப் பதில் 3-ஐயும் 7-ஐயும் கொண்ட 21-ஐ வைத்தால் 8,064 வகுத்திகள்; இரண்டு 2-களும் ஒரு 5-உம் கொண்ட 20-ஐ வைத்தால் மீண்டும் 8,640. புதிதாக 29-ஐக் கொண்டுவந்து, ஈடாக 2, 3, 5 ஆகியவற்றில் ஒவ்வொன்றை, அதாவது 30-ஐ நீக்கினால் 9,216 வகுத்திகள் கிடைக்கும். எப்படித் திருப்பிப் போட்டாலும் 10,080-ஐ எட்ட முடிவதில்லை. ஆனால் நான்கு மாற்றங்கள் தோற்றதால் மட்டும் எண் தேர்ச்சி பெற்றதாகாது; அதைவிடச் சிறிய எண்ணைத் தரும் எல்லா மாற்றங்களும் தோற்றாக வேண்டும். உயர் பகு எண்ணைக் கண்டறிவதில் உள்ள உண்மையான உழைப்பு இங்கேதான் இருக்கிறது, பெருக்கலிலோ இலக்கங்களின் நீளத்திலோ இல்லை.

இந்தச் சிக்கலுக்குள் ஒழுங்கான ஒரு பாதையை ராமானுஜன் கண்டார். ஒரு பகா எண்ணை எண்ணோடு கூடுதலாக ஒருமுறை பெருக்கினால் வகுத்திகள் குறிப்பிட்ட விகிதத்தில் கூடுகின்றன, எண்ணும் பெரிதாகிறது. கிடைக்கும் ஆதாயத்தின் மடக்கையை, அதற்குக் கொடுக்கும் விலையாகிய அந்தப் பகா எண்ணின் மடக்கையால் வகுத்தால், அந்தச் சேர்க்கை எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு ஓர் அளவு கிடைக்கிறது. 23-ஐ முதன்முறை சேர்ப்பது வகுத்திகளை இரட்டிப்பாக்கும்; அதன் அளவு 0.2211. இரண்டாவது 7-ஐச் சேர்ப்பது வகுத்திகளை ஒன்றரை மடங்காக்கும். அதன் அளவு 0.2084. முதல் 29-க்கு 0.2058, நான்காவது 3-க்கு 0.2031, முதல் 31-க்கு 0.2018. இந்த அளவுகள் இறங்கும் வரிசையிலேயே பகா எண்களை ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டு போனால் 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440 என்று ஒரு தொடர் அமைகிறது. இவற்றுக்கு மேம்பட்ட உயர் பகு எண்கள் என்று பெயர். ஏதேனும் ஒரு நேர்மெய்யெண்ணை அடுக்காகக் கொண்டு எண்ணை உயர்த்தி, அதனால் வகுத்திகளின் எண்ணிக்கையை வகுத்தால், அந்த ஈவு எல்லா எண்களிலும் பெரிதாக வரும் எண் எதுவோ அதுவே மேம்பட்டது என்பது முறையான வரையறை. இந்தத் தொடரில் தடுமாற்றத்துக்கு இடமில்லை. அடுத்த எண் எது என்பதை மடக்கை அட்டவணை கையில் உள்ள எவரும் கணித்துவிடலாம்.

நம் எண் இந்த மேம்பட்ட தொடரைச் சேர்ந்ததன்று என்பது முதலில் வியப்பளிக்கலாம். இரண்டாவது 7 சேர்ந்தவுடன் தொடர் 22,48,77,61,29,600 என்ற எண்ணை அடைகிறது. அடுத்து வர வேண்டியது 29, அப்போது எண் 6,52,14,50,77,58,400 ஆகும். நம் எண்ணோ 29 காத்திருக்க, அதற்குப் பின்னால் நிற்கும் 3-ஐ முன்னதாகவே எடுத்துக்கொண்டது. 22,48,77,61,29,600-ஐ மூன்றால் பெருக்கினால் கிடைப்பதே அது. மேம்பட்ட எண்கள் சாலையோரத்து மைல்கற்களைப் போல நிற்க, அவற்றுக்கு இடைப்பட்ட வெளியில் இத்தகைய சாதாரண உயர் பகு எண்கள் சிதறிக் கிடக்கின்றன. எந்த இடத்தில் எது முந்திக்கொள்ளும் என்பதைச் சொல்லும் பொதுச் சூத்திரம் எதுவும் இல்லை. அவை மொத்தம் எத்தனை என்பதே நெடுங்காலம் கேள்வியாக இருந்தது. கொடுத்த எல்லைக்குள் குறைந்தது எத்தனை என்பதற்கு ராமானுஜன் ஓர் எளிய கீழ்வரம்பைத் தந்தார். 1944-இல் பால் எர்டோஷ் அதை வெகுவாக உயர்த்தி, எல்லையின் மடக்கையை ஒன்றைவிடப் பெரிய ஓர் அடுக்குக்கு உயர்த்தினால் வரும் அளவைவிட அவை கூடுதல் என்று நிறுவினார். 1971-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ழான்-லூயி நிக்கோலா, மடக்கையின் வேறொரு அடுக்கை அவை தாண்டா என்று மேல்வரம்பு கட்டினார்.

1915-இல் அச்சானது ராமானுஜன் எழுதியதில் ஒரு பகுதியே. லண்டன் கணிதச் சங்கம் அப்போது பண நெருக்கடியில் இருந்ததால் கட்டுரையின் பிற்பகுதி அச்சேறாமல் நின்றுவிட்டது. கையெழுத்துப் படியாகத் தங்கிய அந்தப் பகுதி, நிக்கோலாவும் கீ ரோபினும் எழுதிய விளக்கங்களோடு 1997-இல், ராமானுஜன் பெயரிலேயே தொடங்கப்பட்ட ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளியாயிற்று. அதில் அவர் வகுத்திகளின் எண்ணிக்கையிலிருந்து வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு நகர்ந்திருந்தார். இந்தத் திசையில் மற்றவர்கள் வந்து சேர்ந்தது 1940-களில்தான்: 1943-இல் தமிழகத்துக் கணித அறிஞர் எஸ். எஸ். பிள்ளை வகுத்திகளின் கூட்டுத்தொகையில் முந்தைய எண்களையெல்லாம் விஞ்சும் எண்களை ஆராய்ந்தார். 1944-இல் அலவோக்லுவும் எர்டோஷும், கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்த ஈவில் விஞ்சும் எண்களை எடுத்துக்கொண்டனர். போர்க்கால லண்டனில் தாளுக்கும் பணத்துக்கும் தட்டுப்பாடு இல்லாமல் இருந்திருந்தால் அவர்களது வேலையில் ஒரு பகுதி ஏற்கெனவே முடிந்ததாக இருந்திருக்கும்.

கூட்டுத்தொகையின் கதை ரீமான் கருதுகோளோடு பிணைந்தது. பகா எண்கள் எவ்வளவு ஒழுங்காகப் பரவியுள்ளன என்பதைப் பற்றிய அந்தக் கருதுகோள் 1859 முதல் நிறுவப்படாமல் இருக்கிறது. ஓர் எண்ணின் எல்லா வகுத்திகளையும் கூட்டி அந்த எண்ணாலேயே வகுத்தால் வரும் ஈவு, அதன் வகுத்திகளின் தலைகீழ்களைக் கூட்டினால் வரும் தொகைக்குச் சமம். ரீமான் கருதுகோள் உண்மையானால், போதிய அளவு பெரிய எண்களுக்கு இந்த ஈவு, எண்ணின் மடக்கையின் மடக்கையை ஏறத்தாழ 1.781-ஆல் பெருக்கினால் வரும் வரம்பைத் தாண்டாது என்பது ராமானுஜனின் அச்சேறாத பக்கங்களிலிருந்து கிடைக்கும் முடிவு. 1984-இல் ரோபின் அதைக் கூர்மையாக்கினார்: 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் அந்த வரம்பு பொருந்துவதும், ரீமான் கருதுகோள் உண்மையாவதும் ஒன்றேதான். 5040-க்கு ஈவு 3.838, வரம்பு 3.817, அதாவது அது தாண்டிவிடுகிறது. நம் எண்ணுக்கு ஈவு 5.842, வரம்பு 6.030. வகுத்திகளின் எண்ணிக்கையில் இவ்வளவு முன்னேறிய ஓர் எண்கூட, கூட்டுத்தொகையில் வரம்புக்கு உள்ளேயே அடங்கியிருக்கிறது. தன் 'சட்டங்கள்' நூலில் இலட்சிய நகரத்தின் குடிமனைகளுக்கு பிளேட்டோ தேர்ந்த எண்ணிக்கையும் இந்த 5040-தான். அவர் அதைத் தேர்ந்தது வகுத்திகளின் மிகுதி கருதியே.

அட்டவணைக்குத் திரும்பினால், 2 முதல் நம் எண் வரை ராமானுஜன் தந்தவை 102 எண்கள். இருக்க வேண்டியவை 103. விடுபட்டது 2,93,31,86,25,600. அதன் பகாக் காரணிகளைப் பிரித்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று வருகிறது; வகுத்திகள் 5,040. (ரோபினின் 5040-உம் இதுவும் பொருந்துவது வெறும் தற்செயல், அதில் பொருள் தேட வேண்டியதில்லை.) அட்டவணையின் கடைசி எண்ணோடு இதை ஒப்பிட்டால் ஒன்று கண்ணில் படும்: விடுபட்ட எண்ணை 23-ஆல் பெருக்கினால் கிடைப்பதே அந்தக் கடைசி எண். விடுபட்ட எண்ணில் பாதியாகிய 1,46,65,93,12,800-உம் உயர் பகு எண். அந்தப் பாதியை 23-ஆல் பெருக்கி வரும் 33,73,16,41,94,400-உம் அப்படியே. சுற்றமெல்லாம் பட்டியலில் இருக்க, ஒன்று மட்டும் நழுவியிருக்கிறது.

நழுவிய இடத்தைக் கூர்ந்து பார்த்தால் காரணத்தை ஊகிக்க முடிகிறது. மேம்பட்ட தொடரில் 13,96,75,53,600 என்ற எண்ணுக்கு 2,688 வகுத்திகள். அதை 23-ஆல் பெருக்கி அடுத்த மேம்பட்ட எண்ணான 3,21,25,37,32,800 கிடைக்கிறது, வகுத்திகள் இரட்டித்து 5,376 ஆகின்றன. அதே 13,96,75,53,600-ஐ 23-க்குப் பதில் 21-ஆல், அதாவது இன்னும் முறை வராத ஒரு 3-ஆலும் ஒரு 7-ஆலும் பெருக்கினால் விடுபட்ட எண் வருகிறது. 21 என்பது 23-ஐவிடச் சிறியது என்பதால் அது மேம்பட்ட எண்ணுக்கு முன்னால் இடம் பிடித்துக்கொள்கிறது. 5,040 வகுத்திகளோடு, தனக்கு முந்தைய உயர் பகு எண்ணான 2,40,94,02,99,600-இன் 4,800-ஐயும் தாண்டிவிடுகிறது. முந்தைய எண்ணிலும் பிந்தைய எண்ணிலும் 23 இருக்கிறது. 1,60,62,68,66,400 என்ற எண்ணிலிருந்து 23 நிலைத்துவிட்டதாகத் தோன்றும் வேளையில், 23 இல்லாத ஓர் எண் நடுவில் மீண்டும் தலைகாட்டும் என்று எதிர்பார்ப்பது கடினம். கையால் கணக்கிட்டுச் செல்பவர் ஒருவர், கடைசிப் பகா எண் இனிப் பின்வாங்காது என்று எண்ணிக்கொள்வதற்குரிய இடம் இது.

ராமானுஜன் உண்மையில் அப்படித்தான் எண்ணினாரா, அல்லது படி எடுக்கையில் ஒரு வரி விடுபட்டதா என்பதற்குச் சான்று இல்லை. இரண்டாவதே நடந்திருக்கவும் கூடும். ஆனால் பிழை நேர்ந்த இடம் எது என்பதில் ஐயமில்லை. தாமே வகுத்த ஒழுங்கு செல்லுபடியாகும் மேம்பட்ட எண்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை; தவறியது, எந்தச் சூத்திரமும் துணைக்கு வராத இடைவெளியில். கணினி இல்லாத காலத்தில் ஒருவர் தம் கையால் ஆறு லட்சம் கோடியைத் தாண்டும் வரை உயர் பகு எண்களைத் திரட்டி, அவற்றுள் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார் என்பதே அந்த அட்டவணையைப் பற்றிய நேர்மையான மதிப்பீடு. அதைப் படிக்க நேர்வோர், 4,800 வகுத்திகள் என்ற வரிக்கும் 5,376 என்ற வரிக்கும் இடையில் 2,93,31,86,25,600-ஐத் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.